பிள்ளைகளைப் பற்றி நகராண்மைக் கழகம் நம்மிடம் கருத்து கேட்கிறது. என்ன எழுதிக் கொடுப்பது?

ரப்பர்கொட்டை (செவ்வாய், இரவு 9:40)

வணக்கம். இன்று காலை பத்து மணிக்கு நம் ஊர் டேவானில் (பொது மண்டபத்தில்) ஒரு கூட்டம். குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை பற்றி ஊர் மக்களிடம் கருத்து கேட்கிறார்களாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து யாராவது போகவேண்டும் என்றார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்த ஒரே ஆள் நான்தான். குளித்துவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் வருவார்கள்? செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டுகிறவன் காட்டில் இருப்பான். அம்மாக்கள் ஆறு மணிக்கே தொழிற்சாலை பஸ் ஏறிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளியில். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பாதியில் அதிகாரிகள்தான். குழந்தைகளைப் பற்றிய கூட்டத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. ஒரு அம்மா தூக்கி வந்த கைக்குழந்தையைக் கணக்கில் சேர்க்கலாம் என்றால் ஒன்று.

திரையில் ஓடியது எல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு போராங் (படிவம்) கொடுத்து, இரண்டு வாரத்தில் கருத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அப்புறம் மீ ஹூன், கறிபாப், குழுவாகப் படம்.

என் சந்தேகம் இதுதான். தேசியக் கொள்கை என்றால் புத்ராஜெயா (மலேசிய மத்திய அரசாங்கம்) சமாச்சாரம். குப்பை அள்ளுகிற, சாக்கடை வெட்டுகிற நகராண்மைக் கழகம் அதில் என்ன செய்ய முடியும்? போராங் என் மேசையில் இருக்கிறது. என்ன எழுதலாம்?

முன்னாள்கிராணி (செவ்வாய், இரவு 10:25)

தம்பி, முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் என்பதால் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மலேசியா ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது 1995இல். சில விதிகளுக்கு நாங்கள் கட்டுப்படமாட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார்கள், அது தனிக் கதை. அதன்பின் 2001இல் குழந்தைகள் சட்டம் வந்தது. 2009இல் இரண்டு கொள்கைகள்: ஒன்று தேசியக் குழந்தைகள் கொள்கை, மற்றது பாதுகாப்புக்கென்று தனியாக ஒன்று. உயிர்வாழ்தல், பாதுகாப்பு, வளர்ச்சி, பங்கேற்பு என்று நாலு தூண் சொல்வார்கள். நீங்கள் இன்று திரையில் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. கல்வி கூட்டரசின் (மத்திய அரசின்) கையில். சமூகநலம் கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து பார்ப்பது. நகராண்மைக் கழகமோ மாநிலத்துக்குக் கீழே வருவது. ஆகவே பள்ளி கட்டு, டீச்சர் அனுப்பு என்று அவர்களிடம் எழுதினால் போராங் நேராக அலமாரிக்குப் போகும். ஆனால் பள்ளிக்குப் போகிற சாலை, சாக்கடை மூடி, விளக்கு, திடல், வியாபார உரிமம், கட்டடத் திட்டத்துக்கு அனுமதி இவையெல்லாம் அவர்கள் கையில். கொள்கையில் 'பாதுகாப்பு' என்று எழுதியிருப்பதை நம் ஊரில் தேடினால் அது மூடி இல்லாத சாக்கடையில்தான் கிடக்கும்.

செம்பனைக்காடு (செவ்வாய், இரவு 10:52)

கிராணி ஐயா சொல்வது சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். இந்தக் கவுன்சிலர்களுக்கு நாம் யாரும் ஓட்டுப் போடவில்லை. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், 1965இல், உள்ளூர்த் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். 1976 சட்டம் வந்து அதற்கு மொத்தமாகச் சமாதி கட்டியது. அன்றிலிருந்து மாநில அரசாங்கம் நியமிப்பதுதான். கட்சிக்கு இத்தனை இடம் என்று பங்கு பிரித்து வருகிறவர் என் மகன் நடக்கிற ரோட்டைப் பற்றி ஏன் கவலைப்படவேண்டும்? நமக்குக் கறிபாப், அவர்களுக்குப் படம். கணக்கு நேர்.

டீச்சரம்மா (புதன், மாலை 4:10)

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இன்னும் வாரம் மூன்று நாள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு, இன்று பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரையச் சொன்னேன். பிடிக்காத இடத்தில் சிவப்பு, பிடித்த இடத்தில் பச்சை. பதினான்கு பிள்ளைகள், எல்லாரும் மூன்றாம் நான்காம் ஆண்டு.

ஊஞ்சல், சறுக்குமரம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினோரு தாளில் சிவப்பு ஒரே இடத்தில் இருந்தது: பழைய தோட்டத்துப் பாலம். காலை ஆறே கால், ஆறரைக்கு அங்கே கும்மிருட்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் குடித்துவிட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். ஒரு பையன் பாலத்தின் மேல் செம்பனை லாரியை வரைந்து, பக்கத்தில் தன்னை ஒரு புள்ளி மாதிரி வைத்திருந்தான். 'ஏன் ராஜா இவ்வளவு சின்னதாக?' என்று கேட்டால், 'லாரிக்கார அங்கிளுக்கு நான் இப்படித்தான் தெரிவேன் டீச்சர்' என்கிறான்.

பச்சை எங்கே என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் மளிகைக் கடை. ஐஸ் கிடைக்கிறது அல்லவா. ஒரு பிள்ளை மட்டும் முனீஸ்வரர் கோயில் மரத்துக்குப் பச்சை போட்டிருந்தாள்.

கிராணி ஐயா சொன்ன நாலு தூணில் கடைசியாக வருகிற பங்கேற்பு இதுதான் என்று நினைக்கிறேன். உடன்படிக்கையின் 12ஆவது விதியும் அதைத்தான் சொல்கிறது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்து சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும். டேவானும் மீ ஹூனும் இல்லாமல் பதினான்கு தாளும் வர்ணப் பென்சிலும் போதுமாக இருந்தது.

முன்னாள்கிராணி (புதன், மாலை 6:33)

டீச்சர், வயிற்றெரிச்சலாக ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. அந்தப் பாலமும் அதிலிருந்து பள்ளி வரைக்கும் உள்ள செம்மண் சாலையும் இன்றைக்கும் தோட்ட நிலம். என் கையால் அந்த வரைபடத்தை எத்தனை தடவை மடித்து வைத்திருக்கிறேன். கழகத்தைக் கேட்டால் தனியார் நிலம் என்பார்கள். தோட்டத்தைக் கேட்டால் அங்கே இப்போது நம் ஆட்கள் யாரும் குடியிருக்கவில்லையே, எதற்கு விளக்கு என்பார்கள்.

இது இன்று நேற்று வந்த வினை இல்லை. தோட்டம் தனியார் சொத்து என்ற ஒரே காரணத்தால் கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) வந்த சாலையும் தண்ணீரும் பல காலம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வரவில்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகளாகவே கிடந்ததற்கும் நிலம் தோட்டத்துடையது என்பதுதான் காரணம். இப்போது சனங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தாயிற்று. பள்ளி மட்டும் அங்கேயே நிற்கிறது. நடுவில் இருக்கிற முக்கால் கிலோமீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத பாதை மாதிரி ஆகிவிட்டது.

ஆயாமகள் (புதன், இரவு 9:15)

எல்லாரும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கும் கீழே உள்ளதுகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் அம்மா ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியற்காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் பால்மரம் (ரப்பர்) வெட்டுகிற அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கத்தோடு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தொட்டில், ஒரு பெரிய அண்டாவில் பால். கொட்டகை நாறும், ஈ மொய்க்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வி மட்டும் எந்த அம்மாவுக்கும் வந்ததில்லை.

தோட்டத்தை விட்டு வந்தபோது எங்களுக்கு வீடு கிடைத்தது, ஆயாக்கொட்டகை கிடைக்கவில்லை. இப்போது எங்கள் தாமானில் ஒரு அக்கா ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார், இல்லாதவர்களிடம் அரிசியும் வாங்கிக்கொள்வார். சட்டப்படி பார்த்தால் அது குழந்தைப் பராமரிப்பு மையம். 1984 சட்டத்தில், வெவ்வேறு வீடுகளிலிருந்து நாலு வயதுக்குக் கீழ் நாலு பிள்ளைகள் வந்து, பணமும் வாங்கிவிட்டால் சமூகநல இலாகாவில் பதியவேண்டும். ஒன்பது பிள்ளைவரை வீட்டிலேயே நடத்துகிற மையம், பத்துக்குப் போனால் அது வேறு வகை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். பயந்துபோய் மறுநாளே இரண்டு பிள்ளைகளை இனி வேண்டாம் என்று அனுப்பப் பார்த்தார். கெஞ்சி நிறுத்தினேன். அவருக்கு மலாய்ப் படிவம் நிரப்பத் தெரியாது, தீயணைப்பு, சுகாதாரம் என்று அலையவும் ஆள் இல்லை. போராங்கில் இதை எழுதுங்கள்: அபராதம் போட வராதீர்கள், ஒரு நாள் எல்லா இலாகாக்காரர்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் தாமானுக்கு வந்து உட்காருங்கள். ஐந்து பிள்ளையைப் பார்க்கிற பெண்கள் எங்கள் வரிசையில் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

பட்டணத்துக்காரி (வியாழன், மதியம் 1:05)

இந்த ஊர்ப் பெண்தான், இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வேலை. யுனிசெஃப் 1996இல் தொடங்கிய குழந்தைகளுக்கு உகந்த நகரங்கள் திட்டத்தில் இங்குள்ள மாநகர் மன்றமும் சேர்ந்திருக்கிறது. அதனால் நகராண்மைக் கழகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே பாராங்காய் என்று தெரு அளவில் உள்ள நிர்வாகத்திலேயே குழந்தைப் பாதுகாப்புக் குழு உண்டு. 2006இல் வந்த ஒரு சட்டம், மத்திய அரசிடமிருந்து வருகிற வரிப்பங்கில் 1 விழுக்காட்டை உள்ளூர்க் குழந்தைக் குழுக்களை வலுப்படுத்த ஒதுக்கவேண்டும் என்கிறது. பிரேசிலில் 1990 சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியிலும் ஐந்து பேர் கொண்ட குழந்தைக் காப்பு மன்றம். அந்த ஐந்து பேரையும் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வளர்ந்த பட்டணத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நினைக்கவேண்டாம். கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பக்கத்திலேயே பேரங்காடி, எல்லா வசதியும்.

செம்பனைக்காடு (வியாழன், மதியம் 1:40)

பெட்டாலிங் ஜெயா கழகத்தின் வரி வருமானமும் நம் கழகத்தின் வருமானமும் ஒன்றா தங்கச்சி? அங்கே கோபுரம் கோபுரமாக ஆபீஸ். இங்கே இரண்டு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் ஸ்டேஷன். பிரேசில்காரன் ஓட்டுப் போடுகிறான் என்றீர்களே, அதைத்தான் நானும் முதலிலேயே சொன்னேன்.

படிவம்5 (வியாழன், இரவு 8:20)

வணக்கம். நான் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறேன், வயது 17. சட்டப்படி நானும் குழந்தைதான், ஆகவே எழுதலாம் என்று நினைக்கிறேன். டீச்சரம்மாவிடம்தான் தமிழ் படித்தேன், அவருக்கு நான் யார் என்று தெரிந்துவிடும்.

டீச்சர், உங்கள் பிள்ளைகள் விளையாட்டுத் திடலைக் கேட்கவில்லை என்றீர்கள். ஏன் என்று சொல்லட்டுமா? தாமான் திடலில் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து அண்ணன்மார் பந்து விளையாடுவார்கள். சின்னப் பையன்கள் ஓரமாக நின்று பந்து பொறுக்கிக் கொடுக்கலாம். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக முடியாது. பூப்பந்து அரங்குக்குக் கூரை போட்டு மூன்று வருடம் ஆகிறது. சாவி ஒருவர் வீட்டில். அவர் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்க எந்தப் பெண்ணை அனுப்புவார்கள்? ஊரில் திடல் இருக்கிறது, அரங்கு இருக்கிறது, ரிப்போர்ட்டில் எழுதினால் எல்லாம் இருக்கிறது.

அதனால் போராங்கில் புதிதாக எதுவும் கட்டச் சொல்லவேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் திடலும் அரங்கும் பெண்களுக்கு என்று எழுதுங்கள். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

இன்னொன்று. இனிமேல் கூட்டம் வைத்தால் சனிக்கிழமை மதியம் வையுங்கள். காலையில் டியூஷன்.

டீச்சரம்மா (வியாழன், இரவு 8:47)

தெரிந்துவிட்டது, கண்ணு. சாவி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. நானும் அந்தத் தாள்களை ஆண் பெண் என்று பிரித்துப் பார்க்கவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். திடலுக்குப் பச்சை போட்ட மூன்று பேரும் பையன்கள்.

மூன்றாம்லயம் (வியாழன், இரவு 11:30)

விளக்கு, திடல் எல்லாம் சரி. எல்லாரும் தொடத் தயங்குகிற ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் அடிவாங்குகிற பிள்ளை, அதைவிட மோசமான கொடுமைக்கு ஆளாகிற பிள்ளை. 'சமூகத்தின் பங்கு' என்று பதாகையில் போட்டால் எனக்கு உள்ளுக்குள் நடுங்குகிறது. லயத்தில் வளர்ந்தவன் நான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? கோயில் கமிட்டியில் வைத்துப் பேசித் தீர்த்தோம். அடித்தவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான், பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பிப் போனது. பிறகு ஊரே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி மென்றது. இப்படிப்பட்ட சமூகத்தைத்தான் கொள்கைக்குள் கூப்பிடுகிறார்களா?

ஆயாமகள் (வெள்ளி, காலை 6:50)

அண்ணே, நீங்கள் சொன்னது என் வீட்டு வரிசையிலும் நடந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முன்னாள்கிராணி (வெள்ளி, காலை 9:12)

மூன்றாம்லயம் தம்பி சொன்னதில் பாதி உண்மையில் எனக்கும் பங்கு உண்டு. கமிட்டிக் கூட்டங்களில் மினிட்ஸ் எழுதியவன் நான்.

ஆனால் சட்டம் அந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 2001 சட்டப்படி மருத்துவர், குடும்பத்தார், பிள்ளையைப் பராமரிக்கிறவர் ஆகியோருக்குச் சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆகவேண்டும், அது அவர்கள் விருப்பம் இல்லை. மற்ற யார் வேண்டுமானாலும் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999க்கு எந்நேரமும் கூப்பிடலாம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். பாலியல் குற்றங்களுக்கு 2017இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆக, இதில் ஊரின் பங்கு தகவல் சொல்வதோடு முடிகிறது. விசாரணையும் பஞ்சாயத்தும் நம் வேலை இல்லை.

அதே சட்டத்தில் பிள்ளைகளின் நலனுக்கென்று ஒரு குழு உண்டு, சமூகநல இலாகாவின் கீழ் இயங்குவது. அதோடு சேர்ந்து பிள்ளைகள் நடவடிக்கை மையங்களையும் நடத்துகிறார்கள். பள்ளி விட்டு வந்து பூட்டிய வீட்டில் தனியாக இருக்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். நம் டேவான் வாரத்தில் நாலு நாள் கல்யாணம் இல்லாமல் பூட்டித்தான் கிடக்கிறது.

மூன்றாம்லயம் (வெள்ளி, மதியம் 12:30)

ஐயா, 'தகவல் சொல்வதோடு முடிகிறது' என்ற வார்த்தையைத் தமிழில் அச்சடித்துக் கோயிலிலும் கிளினிக்கிலும் கடைகளிலும் ஒட்டச் சொல்லி எழுதுங்கள். எண்ணையும் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். சமூகத்தைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

பட்டணத்துக்காரி (வெள்ளி, மாலை 5:55)

பாலத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் வரைந்தாலோ திருத்தினாலோ, அந்த வரைவைப் பிடித்துக்கொள்ளலாம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். ஆட்சேபம் சொல்ல நாலு வாரத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்கவேண்டும். அக்கம்பக்க நிலச் சொந்தக்காரர்தான் சொல்லலாம் என்பதெல்லாம் அங்கே கிடையாது, யாரும் எழுதிக் கொடுக்கலாம். பள்ளிப் பாதையைப் பொதுச் சாலையாகக் காட்டு, பாலத்தை அதில் சேர் என்று டீச்சரின் பதினான்கு தாளை இணைத்துக் கொடுங்கள். தயவு கேட்டுப் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பெயரும் தேதியும் போட்டு ஆட்சேபம் பதிந்துவிட்டால் அவர்கள் அதைக் கணக்கில் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

செம்பனைக்காடு (வெள்ளி, இரவு 9:05)

இந்த வரைவுத் திட்டம் பார்வைக்கு வைப்பதை எங்கே போடுவார்கள்? பத்திரிகையில் மூலையில் போடுவார்கள், கழகத்தின் தரைத்தளத்தில் ஒரு பலகையில் மாட்டுவார்கள். ஆபீஸ் நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டும். சரி, நான் வாரா வாரம் உரம் வாங்க டவுனுக்குப் போகிறவன். போகும்போது பலகையைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ரப்பர்கொட்டை (சனி, மாலை 3:20)

எல்லாருக்கும் நன்றி. போராங்கில் நாலு கோடுதான் விட்டிருக்கிறார்கள், அதனால் தனித்தாள் இணைத்து எழுதிவிட்டேன். திடலும் அரங்கும் பெண்களுக்கு இரண்டு நாள், சாவி கழக ஆபீசில். பிள்ளை பார்க்கிற அக்காமாருக்குத் தாமானிலேயே பதிவு முகாம், அபராதம் இல்லாமல். 15999 தமிழில். டேவானில் பிள்ளைகள் மையம். அடுத்த கூட்டம் சனிக்கிழமை மதியம். மலாயில் மொழிபெயர்ப்பதை படிவம்5 ஏற்றுக்கொண்டது. நாளை கோயில் மண்டபத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட வாருங்கள். டீச்சர், படங்களின் நகல் வேண்டும், அசலைக் கொடுக்கவேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். பாலத்து விளக்குக்குத் தனியாகப் புகார்ப் பகுதி இருக்கிறது. அதில் விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதாவிட்டால் வாங்கமாட்டார்களாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது கம்பத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

படிவம்5 (சனி, மாலை 3:31)

அங்கிள், அங்கே கம்பமே இல்லை.

ரப்பர்கொட்டை (சனி, மாலை 3:34)

அப்படியென்றால் அந்த இடத்தில் என்ன எழுதட்டும்?

டீச்சரம்மா (சனி, மாலை 3:50)

லாரி வரைந்த பையனின் படத்தை அங்கே ஒட்டிவிடுங்கள்.